சூடேறாத வண்டி

வண்டி சூடாகாது என்பதுதான் எங்கள் வீட்டுக்காரருக்கு அந்த நாளில் பெரிய பெருமை. திண்டுக்கல் டாக்ஸி ஸ்டாண்டில் மற்ற டிரைவர்கள் ரேடியேட்டர் மூடியை ஈரத்துணியால் பிடித்துத் திறந்து, ஆவிக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்பார்கள். இவர் மட்டும் பானெட்டைத் தொடாமல் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். "கொடைக்கானலுக்கு ஏத்துனாலும் நம்ம வண்டில முள்ளு எந்திரிக்காது" என்பார். ஸ்டியரிங்குக்குப் பின்னால் சூட்டைக் காட்டும் முள்ளைச் சொல்வார். என்னவோ அந்த முள்ளைத் தானே பெற்று வளர்த்த மாதிரி இருக்கும் அவர் பேச்சு.

இரண்டாயிரத்துக்குப் பிறகு, எல்லாரும் டீசல் வண்டி வாங்கிக்கொண்டிருந்த காலத்தில், இவர் சென்னையில் ஓடிய ஒரு பெட்ரோல் காரை வாங்கிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினார். சத்தமே இருக்காது, வயதானவர்களை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிறவர்கள் இதைத்தான் கேட்பார்கள் என்று ஒரு கணக்கு. கார்புரேட்டர் கிடையாது. இஞ்சினுக்கு எவ்வளவு பெட்ரோல் என்பதை ஒரு கம்ப்யூட்டர் பெட்டி முடிவு செய்யும். இவருக்கு அந்தப் பெட்டி மீது ஆரம்பத்திலிருந்தே மரியாதை கலந்த பயம்.

எனக்குப் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் ஸ்டெபிலைசர் கடை. கல்யாணத்துக்கு முன்பு ஸ்டெபிலைசர் செய்யும் ஒரு சின்னக் கம்பெனியில் வேலை பார்த்தேன். பிறகு நானே ரிப்பேர் பார்க்க ஆரம்பித்தேன். சுற்றுவட்டாரத்தில் கிணற்று மோட்டார் எல்லாம் ஒரே நேரத்தில் ஓடும்போது ஊரில் வோல்டேஜ் படுத்துவிடும். அது படுத்தால்தான் எனக்குப் பிழைப்பு. ஆக, வண்டியும் கடையுமாக எங்கள் குடும்பம் ஓடிக்கொண்டிருந்தது.

வண்டி வாங்கி ஒரு வருஷம் போலப் பிரச்சினை இல்லை. அப்புறம் பெட்ரோலைக் குடிக்க ஆரம்பித்தது. குடித்தது என்றால் சும்மா இல்லை. பழனிக்குப் போய்விட்டுத் திரும்பினால் வாடகையில் பாதி பெட்ரோல் பங்க்காரருக்குப் போய்விடும். புகைக்குழாய் வாயில் விரலை வைத்தால் கண் மை மாதிரி கரி ஒட்டும். பின்சீட்டில் உட்கார்ந்தவர்கள் பெட்ரோல் வாடை அடிக்கிறது என்று சொல்ல ஆரம்பித்தார்கள். முதலில் பெட்ரோலில் கலப்படம் என்று இவர் பங்க்கை மாற்றினார். பிறகு கார் கம்பெனி ஒர்க்‌ஷாப்பில் விட்டார். அவர்கள் பிளக்கை மாற்றினார்கள், காற்று வடிகட்டியை மாற்றினார்கள், புகைக்குழாயில் இருக்கும் சென்சாரை மாற்றினார்கள். கடைசியில் மாற்ற மிச்சமிருந்தது அந்தக் கம்ப்யூட்டர் பெட்டிதான். அதன் விலையைக் கேட்டுவிட்டு இவர் வீட்டுக்கு வந்து தண்ணீர்கூடக் கேட்காமல் உட்கார்ந்திருந்தார்.

இரண்டு நாள் போனது. அப்புறம் சாப்பிடும்போது சொன்னார், கோயம்புத்தூரில் ஒரு மில் முதலாளி வீட்டுக்கு டிரைவர் வேணுமாம், தங்க ரூம் தருவார்களாம், மாசம் ஒரு தரம் வீட்டுக்கு வரலாமாம் என்று. வண்டியைப் பார்க்க ஒட்டன்சத்திரத்திலிருந்து ஒரு காய்கறி வியாபாரி ஞாயிற்றுக்கிழமை வருவார் என்பதையும் அதே மூச்சில் சொன்னார்.

"நல்லதுதானே, போங்க" என்றேன்.

எனக்கு வந்த கோபத்துக்கு வேறு என்ன சொல்வது? ஒரு வார்த்தை என்னிடம் கேட்காமல் எல்லாவற்றையும் பேசி முடித்துவிட்டு வந்து, வெஞ்சனம் நல்லா இருக்கு என்று சொல்வது போலச் சொல்கிற மனிதரிடம், போகாதீங்க என்று கெஞ்ச என் வாய் வரவில்லை. அன்றைக்குப் பாத்திரம் கழுவிய சத்தம் தெருவுக்கே கேட்டிருக்கும். உள்ளே ஓடியது வேறு. மாசம் ஒரு தரம் வருகிறவருக்கு வீட்டில் என்ன இருக்கும்? எங்கள் தெருவிலேயே அப்படி வெளியூர் போன மூன்று பேரைப் பார்த்துக்கொண்டுதானே இருந்தேன். வரும்போது விருந்தாளி மாதிரி வருவார்கள், சொந்தப் பிள்ளை வெட்கப்பட்டுக் கதவுக்குப் பின்னால் நிற்கும்.

வண்டியை ஒர்க்‌ஷாப்பிலிருந்து திருப்பி எடுக்கப் போனபோது நானும் கூடப் போனேன். விலை பேசுகிற வண்டிக்கு அவர்கள் என்ன குறை எழுதியிருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளத்தான் போனேன். அங்கே சூப்பர்வைசர் பொறுமையான மனிதர். நான் கேட்டதற்கு விளக்கமாகவே சொன்னார்.

"இஞ்சின் சூடாகுற வரைக்கும் கம்ப்யூட்டர் தன் கணக்குக்குப் பெட்ரோல் குடுக்கும்மா. கொஞ்சம் தாராளமாவே குடுக்கும். சூடானப்புறம், புகையில இருக்குற சென்சார் சொல்றதக் கேட்டுக் கூட்டிக் கொறச்சுக் குடுக்கும். கேக்குதா இல்லையான்னு எப்படித் தெரியும்னா, சென்சார் வோல்டேஜ் ஆடிக்கிட்டே இருக்கும். ஒரு வோல்ட்டுக்குள்ளதான், மேலயும் கீழயும். ஆடாம ஒசரத்துல நின்னுருச்சுன்னா கம்ப்யூட்டர் அதக் கேக்கலைன்னு அர்த்தம்."

"இந்த வண்டில ஆடுதா?"

"எங்க செக் பண்ற பெட்டிய மாட்டிப் பாத்தப்ப நல்லாத்தான் ஆடுச்சு. ஆனா பெட்ரோல் போகுதுங்கிறீங்க. அப்படின்னா அப்பப்ப கேக்காம விட்டுருதுன்னுதான் நெனைக்கணும். கம்ப்யூட்டர் பெட்டிய மாத்துறதத் தவிர வேற வழியில்ல."

ஓட்டிப் பார்த்தீர்களா என்றேன். அந்தச் சோதனைப் பெட்டி பல ஊருக்கும் சுற்றுகிறதாம், வெளியே எடுத்துப் போக அனுமதி இல்லையாம், நிறுத்தி வைத்துத்தான் பார்த்தார்களாம். அவரைக் குறை சொல்ல மாட்டேன், அவருக்குக் கொடுத்த வசதி அவ்வளவுதான். ஆனால் எனக்கு அங்கேயே கை பரபரத்தது. என் தொழிலில் இதைத் தினமும் பார்க்கிறேன். கடை மேஜையில் ஸ்டெபிலைசர் சமர்த்தாக இருக்கும். வீட்டுக்குப் போய் ஃபிரிட்ஜை மாட்டினதும் தகராறு பண்ணும். திரும்பக் கொண்டுவந்தால் மறுபடி சமர்த்து. அது எங்கே தகராறு பண்ணுகிறதோ அங்கே போய் மீட்டரை வைத்துப் பார்த்தால்தான் கதை வெளியே வரும். அதுவும் ஒரு வோல்ட்டுக்குள் ஆடுகிற சமாச்சாரம். அதற்குப் பெரிய பெட்டி எதற்கு, என்னிடம் டிஜிட்டல் மீட்டரே இருக்கிறது.

வீட்டுக்கு வரும் வழியிலேயே சொன்னேன்.

"வித்துத் தொலைக்கப் போறோம், இப்பப் போயி நோண்டிக்கிட்டு" என்றார்.

"விக்கிறதுக்கு முன்னாடி எனக்குத் தெரிஞ்சாகணும். இல்லாட்டி எனக்குத் தூக்கம் வராது."

தூக்கம் வராது என்றால் இவர் பயந்துவிடுவார். நான் தூங்காவிட்டால் பேசுவேன் என்று அவருக்குத் தெரியும்.

மறுநாள் காலையில் கடை வாசலிலேயே வேலையை ஆரம்பித்தோம். சென்சாரிலிருந்து நாலு ஒயர் வந்தது. இரண்டு அதைச் சூடேற்றுவதற்கு, ஒன்று எர்த்துக்கு, மிச்சம் ஒன்றுதான் வாய் திறந்து பேசுவது. எது எது என்று மீட்டரை வைத்துப் பிரித்துக்கொண்டேன். பேசுகிற ஒயர் கனெக்டருக்குள் நுழையும் இடத்தில், பின்பக்கமாக ஒரு குண்டூசியைச் செருகினேன். முள் வைத்த பழைய மீட்டரும் கடையில் இருந்தது. ஆனால் அது தனக்கும் கொஞ்சம் கரண்டை இழுத்துக்கொள்ளும், சென்சார் கொடுப்பதோ துளியூண்டு, அதனால் அதைத் தொடவில்லை. குண்டூசியிலிருந்து நீளமாக ஒயர் இழுத்து, பானெட் இடுக்கு வழியாகக் கொண்டுவந்து, கண்ணாடி ஓரமாக டேப் ஒட்டி, ஜன்னல் வழியே உள்ளே விட்டேன். மீட்டரை மடியில் வைத்துக்கொண்டு முன்சீட்டில் உட்கார்ந்தேன்.

வண்டியைக் கிளப்பியதும் கொஞ்ச நேரத்தில் மீட்டர் பாய்ண்ட் எட்டைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றது. இஞ்சின் இன்னும் சூடாகவில்லை, கம்ப்யூட்டர் தன் கணக்குக்கு ஊற்றுகிறது. பார்த்துக்கொண்டே இருந்தேன். செத்த நேரம் கழித்து எண்கள் சரசரவென்று மாற ஆரம்பித்தன. பாய்ண்ட் இரண்டு, பாய்ண்ட் ஏழு, பாய்ண்ட் ஒன்று, பாய்ண்ட் எட்டு. சூப்பர்வைசர் சொன்ன ஆட்டம் இதுதான். அந்த மனிதர் பொய் சொல்லவில்லை.

"சரி, கெளப்புங்க" என்றேன்.

வேடசந்தூர் ரோட்டில் போனோம். ஆடி மாசக் காற்று. ஓரமாகப் போன சைக்கிள்காரர்கள் எல்லாம் சாய்ந்துகொண்டுதான் மிதித்தார்கள். ஊரைத் தாண்டி வண்டி வேகம் பிடித்தது. என் கண் மீட்டரை விட்டு நகரவில்லை. ஆட்டம் கொஞ்சம் கொஞ்சமாகச் சோம்பியது. அப்புறம் பாய்ண்ட் எட்டில் போய் நின்றேவிட்டது. பாலம் வந்தது, மில் வந்தது, இன்னொரு மில் வந்தது. பாய்ண்ட் எட்டு, பாய்ண்ட் எட்டு. இவர் அப்பப்போ "என்ன சொல்லுது?" என்பார். நான் "எட்டு" என்பேன். சலிப்பில் இவர் கேட்பதையே விட்டுவிட்டார்.

ஒரு மில் கேட்டுக்கு எதிரே டீக்கடையில் நிறுத்தினோம். இஞ்சினை அணைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு நான் வண்டியிலேயே இருந்தேன். ஷிப்ட் முடிந்து மில் பஸ்ஸுக்கு நின்ற பெண்கள் எங்கள் வண்டியையே பார்த்தார்கள். பானெட்டிலிருந்து ஒயர் புறப்பட்டு ஜன்னல் வழியே உள்ளே போவதைப் பார்த்தால் யாருக்குத்தான் வேடிக்கையாக இருக்காது.

"என்னக்கா, வண்டிக்குக் குளுக்கோஸ் ஏத்துறீங்களா?" என்று ஒருத்தி கேட்டாள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டுக் குனிந்தால், மீட்டர் மறுபடியும் ஆடிக்கொண்டிருந்தது.

டீ கிளாஸோடு வந்த இவரை ஜன்னலுக்கு இழுத்துக் காட்டினேன். "நின்னா கேக்குது. ஓடுனா கேக்கல. ஓடும்போது அப்படி என்னதான் மாறுது?"

"ஓடும்போது காத்து அடிக்கும். வேற என்ன" என்றார்.

அப்போதுதான் எதேச்சையாக அந்த முள்ளைப் பார்த்தேன். அவர் பெருமைப்படும் முள். அது அடியிலிருந்து எழுந்து நடுவுக்குப் பக்கத்தில் வந்திருந்தது.

"எந்திரிக்காதுன்னீங்க, எந்திரிச்சிருக்கே?"

"நின்னா கொஞ்சம் எந்திரிக்கும். ரோட்டுல விட்டா படுத்துக்கிடும்" என்றார். அந்த நிலையிலும் குரலில் பெருமை போகவில்லை.

"ஏன் படுத்துக்கிடுது?"

"அதான் வால்வக் கழட்டிட்டோம்ல!"

எந்த வால்வு என்று கேட்டேன். விவரமாகச் சொன்னார். வண்டி வாங்கி ஒரு வருஷத்தில் எங்கள் ஊர் உப்புத் தண்ணீரில் ரேடியேட்டர் அடைத்துக்கொண்டதாம். கழுவக் கொடுத்தபோது மெக்கானிக், தண்ணீர் போகிற வழியில் இருந்த ஒரு வால்வையும் சேர்த்துக் கழற்றிவிட்டாராம். இஞ்சின் நன்றாகச் சூடாகும் வரை தண்ணீரை ரேடியேட்டர் பக்கம் விடாமல் அடைத்து வைக்கிற வால்வு அது. குளிர் தேசத்துக்காரன் அவன் ஊருக்கு வைத்தது, நம்ம ஊர் வெயிலுக்கு இது எதுக்கு என்று இங்கே எல்லா மெக்கானிக்கும் முதல் வேலையாக அதைக் கழற்றி எறிவார்கள். கழற்றினால் தண்ணீர் எப்போதும் ரேடியேட்டர் வழியே சுற்றிக் குளிர்ந்துகொண்டே இருக்கும். டிரைவருக்கும் நிம்மதி. கார்புரேட்டர் வண்டிகளில் அதனால் பெரிதாக ஒன்றும் குடி முழுகிவிடவில்லை.

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. கம்ப்யூட்டர் பாவம் என்ன செய்யும்? சூடானால்தான் சென்சாரைக் கேட்பேன் என்று அதற்குச் சொல்லி வைத்திருக்கிறார்கள். ரோட்டில் இறங்கினால் இஞ்சின் சூடாவதே இல்லை. இன்னும் காலைக் குளிர்தான் போல என்று நினைத்து, திண்டுக்கல் வெயிலில் அது பாட்டுக்குப் பெட்ரோலை ஊற்றிக்கொண்டிருந்திருக்கிறது.

நினைப்பது வேறு, நிரூபிப்பது வேறு. டீக்கடையில் ஒரு பிஸ்கட் அட்டைப்பெட்டி கேட்டு வாங்கினேன். அதைப் பிரித்து ரேடியேட்டருக்கு முன்னால் காற்று புகாமல் செருகச் சொன்னேன். இவர் நான் என்னவோ வண்டிக்குத் தீ வைக்கச் சொன்னது போலப் பார்த்தார்.

"ஏ புள்ள, உனக்கென்ன கிறுக்கா? இஞ்சின் கருகிரும்!"

"பாதிக்கு மட்டும் வைங்க. முள்ளு நடுவத் தாண்டுச்சுன்னா நிப்பாட்டிப் பிடுங்கிருங்க. நான் ஒன்னும் சொல்லல."

முணுமுணுத்துக்கொண்டே செருகினார். வண்டியைக் கிளப்பினார். இந்த முறை அவர் ரோட்டைப் பார்த்ததைவிட முள்ளைப் பார்த்ததுதான் அதிகம். நான் மீட்டரைப் பார்த்தேன். முள் மெல்ல மெல்ல எழுந்தது. நடுவுக்குச் சற்றுக் கீழே வந்தபோது அவர் கை ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்திருந்தது. வண்டி நல்ல வேகத்தில்தான் போய்க்கொண்டிருந்தது. பாய்ண்ட் எட்டு. பாய்ண்ட் எட்டு. சட்டென்று பாய்ண்ட் மூன்று.

"மூணு! ஏழு, ரெண்டு, எட்டு, ஒன்னு..." என்று நான் கத்த ஆரம்பித்தேன்.

"என்னாச்சு? மீட்டர் கெட்டுப்போச்சா?" என்று அவரும் கத்தினார்.

ஓரங்கட்டினார். நான் மீட்டரை அவர் முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தேன். அவர் நம்பவில்லை. அட்டையை உருவி எறிந்துவிட்டு மறுபடி ஓட்டினார். முள் படுத்தது, மீட்டரும் பாய்ண்ட் எட்டில் படுத்தது. வண்டியைத் திருப்பிக்கொண்டுபோய், எறிந்த அட்டையைக் காற்று அடித்துப்போன காட்டுக்குள் தேடி எடுத்துவந்து, தூசி தட்டி, தானே செருகினார். மறுபடியும் ஆட்டம். அதற்குப் பிறகுதான் அவர் முகம் தெளிந்தது. கம்ப்யூட்டர் பெட்டி கெடவில்லை என்று தானாக இரண்டு தரம் சொல்லிக்கொண்டார். நான் ஜன்னலில் தலையைச் சாய்த்துக்கொண்டேன். எத்தனையோ நாளாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது இறங்கிவிட்டது. ரோட்டில் போன லாரி, ஆடு, கருவேலமரம் எல்லாமே எனக்கு அழகாகத் தெரிந்தன.

வால்வு வாங்கப் போன கடையில் அது தூசி படிந்து கிடந்தது. யாரும் கேட்பதில்லை என்றார்கள். மாட்டச் சொன்னபோது மெக்கானிக், "ஊரே கழட்டிப் போடுது, நீங்க மாட்டச் சொல்றீங்க, நாளைக்கு இஞ்சின் சீஸ் ஆகி நின்னுச்சுன்னா என்னையச் சொல்லக் கூடாது" என்று நீட்டி முழக்கினார். இவர் எனக்குப் பரிந்து பேசுவார் என்று பார்த்தால், மெக்கானிக்கோடு சேர்ந்துகொண்டு, "ஒரு வாரம் பாப்போம், ஆகலைன்னா கழட்டிருவோம்" என்று சமாதானம் சொல்கிறார். எனக்கு வந்த ஆத்திரத்தில் ஸ்பேனரை நானே எடுத்திருப்பேன்.

மாட்டிய பிறகு குஜிலியம்பாறைக்கு ஒரு வாடகை வந்தது. மீட்டர் இல்லாமலேயே போய் வந்தார். முள் நடுவில் நின்றதில் பயந்து, வழியில் பல இடத்தில் நிறுத்திப் பானெட்டைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாராம். பெட்ரோல் பழையபடி வாங்கிய புதிதில் இருந்த அளவுக்கே செலவானது. பெட்ரோல் வாடையும் போய்விட்டது. வந்ததும் சாவியை ஆணியில் மாட்டிவிட்டு, "தாயி, நீ கெட்டிக்காரிதான்" என்றார். எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் கோயம்புத்தூரைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. சனிக்கிழமை ராத்திரி சாப்பிடும்போது, "வாக்குக் குடுத்துட்டோம், அவரு வந்துருவாரு" என்று மட்டும் சொன்னார். நல்ல வண்டியாகிவிட்டதால் நல்ல விலைக்குப் போகும் என்று அவர் கணக்குப் போடுகிறாரோ என்று எனக்கு ஒரு பயம் பிடித்துக்கொண்டது. வண்டியைச் சரிபண்ணியதே வினையாகிவிட்டதோ என்றுகூட நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒட்டன்சத்திரத்துக்காரர் வந்துவிட்டார். வெள்ளை வேட்டி, நல்ல மனிதர். இவரே சாவியைக் கொடுத்தார். அவர் வண்டியை எடுத்துக்கொண்டு ஒரு சுற்றுப் போய்விட்டு வந்தார். அதுவரை நான் அடுப்படியில் காபிக்குப் பால் பொங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். காபியோடு முன்னறைக்கு வரும்போது அவர் இவரிடம் கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க, வண்டி நல்லாத்தானுங்க இருக்குது? சத்தமே இல்லீங்க. அப்பறம் எதுக்குங்க குடுக்கறீங்க?"

இவர் தரையைப் பார்த்தார். "தப்பா நெனைக்காதீங்க. ஒங்கள அலைய வச்சுட்டேன். வண்டியக் குடுக்கல. வீட்டுல குடுக்க வேணாம்னுட்டாங்க."

நான் அப்படி ஒரு வார்த்தை சொன்னதே இல்லை. போங்க என்றுதான் சொல்லியிருந்தேன். பாத்திரத்தைப் போட்டு உருட்டியிருந்தேன். மீட்டரோடு மல்லுக்கட்டியிருந்தேன். வேண்டாம் என்று மட்டும் சொல்லவில்லை.

வந்தவர் என் பக்கம் திரும்பினார். "அப்படிங்களாம்மா?"

இவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் இல்லை என்று சொல்லிவிடுவேனோ என்று பயப்படுகிற மாதிரி இருந்தது அந்தப் பார்வை.

"ஆமாங்க" என்றேன். "நான்தான் வேணாம்னேன். இவரு எங்கயும் போக வேணாம், எங்க கூடவே இருக்கட்டும்."

கல்யாணமாகி அத்தனை வருஷத்தில் அதை நான் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. அதையும் முன்பின் தெரியாத ஒருவரிடம் சொன்னேன். இவர் எழுந்து வந்து என் கையிலிருந்த தட்டை வாங்கிக்கொண்டார்.